ஓம் கேட்காமல் சப்வூஃபர் வாங்காதீர்கள்: டர்பனில் எனக்கு நடந்தது

காருக்கு சப்வூஃபர், அதாவது பாஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை வாட்ஸ்?’ என்றுதான். கடைக்காரரும் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 2000 வாட்ஸைக் காட்டுவார். எத்தனை ஓம் (கரண்டைத் தடுக்கிற அளவு), உள்ளே காயில் ஒன்றா இரண்டா, இரண்டென்றால் எப்படி இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சே வராது. நான் வாங்கியபோதும் வரவில்லை. அதனால் எனக்குத் தென்னாப்பிரிக்கக் காசில் நாலாயிரம் ரேண்டுக்குக் கிட்ட வீணாகப் போனது. சனிக்கிழமைகள் எல்லாம் கடை வாசலில் கழிந்தன. வீட்டில் பேச்சு வாங்கியது தனி. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. இதைப் படிக்கிற ஒருவருக்காவது அந்தச் செலவு மிச்சமானால் போதும் என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்தவன், அங்கே சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீடு. இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இங்கே கார்ப் பாட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மினிபஸ் டாக்சி ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் வண்டியின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாட்டு போட்டுக் கழுவுவார்கள். எனக்கு அவ்வளவு சத்தம் வேண்டாம். தினமும் ஹிகின்சன் ஹைவேயில் நெரிசலில் நிற்கிற நேரத்தில் தவிலும் உறுமியும் பம்பையும் அதன் அதன் கனத்தோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என்னுடையது பழைய டொயோட்டா கரோலா. கதவில் இருந்த சின்ன ஸ்பீக்கர்களில் உறுமி தகர டப்பாவைத் தட்டுவது மாதிரிக் கேட்கும். நம் வாத்தியங்களை அப்படிக் கேட்பது எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, 12 அங்குல சப்வூஃபர் ஒன்று, அதற்கு மோனோ ஆம்ப் (ஒரே சேனல் கொண்ட ஆம்ப்ளிஃபயர்) ஒன்று, மூடிய பெட்டி, ஒயர் கிட், மாட்டுக்கூலி என்று மொத்தமாக ஒரு கடையில் வாங்கினேன். ரசீதில் ‘டூயல் 4 ஓம்’ என்று எழுதியிருந்தார்கள். ஆம்ப் புத்தகத்தில் 4 ஓமில் 300 வாட்ஸ், 2 ஓமில் 500 வாட்ஸ், 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று இருந்தது. இரண்டும் பொருந்துகிற ஜோடிதான். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது சப்வூஃபரைப் பெட்டிக்குள் இறக்கி, திருகு முடுக்கி, மேலே வலைமூடியும் போட்டு டிக்கியில் ஏற்றியிருந்தார்கள். காந்தத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்க வழியில்லை. அதனால் முதலாவதாக இதைச் சொல்கிறேன்: மாட்டுவதற்கு முன்னால் அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் பெரும்பாலும் டி2 அல்லது டி4 என்று இருக்கும், அல்லது ஓம் கணக்கைத் தனியாகவே அச்சிட்டிருப்பார்கள். ரசீதில் இருப்பதும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அந்த டி2, டி4 என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதிக் கதை புரிய இது வேண்டும். சாதாரண ஸ்பீக்கரில் கோனுக்கு (முன்னால் அசைகிற கூம்புக்கு) பின்னால் ஒரு குழல், அதைச் சுற்றி ஒரே ஒரு செப்புக் கம்பிச் சுற்று, அதுதான் காயில். டூயல் வாய்ஸ் காயில் என்றால் அதே குழலில் தனித்தனியாக இரண்டு சுற்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அதனால் வெளியே நாலு டெர்மினல் இருக்கும். டி4 என்றால் ஒவ்வொரு காயிலும் 4 ஓம், டி2 என்றால் ஒவ்வொன்றும் 2 ஓம். இரண்டு காயில் இருப்பதால் சத்தம் இரண்டு மடங்கு வரும் என்று சிலர் சொல்வார்கள், அது கிடையாது. ஆம்ப்புக்கு ஏற்ற ஓமை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் லாபம். பள்ளிக்கூடத்தில் படித்த தொடரிணைப்பு, பக்க இணைப்புக் கணக்குதான் வேறொன்றுமில்லை. ஒரு காயிலின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு சேர்த்து, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளை ஆம்ப்புக்குக் கொண்டுபோனால் சீரிஸ்; ஓம்கள் கூடும். இரண்டு பிளஸ்ஸையும் ஒன்றாக, இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தால் பேரலல், ஓம் பாதியாகும். ஆகவே ஒரு டி4 சப்வூஃபரிலிருந்து 8 ஓம் அல்லது 2 ஓம் எடுக்கலாம். ஒரு டி2-விலிருந்து 4 ஓம் அல்லது 1 ஓம். ஒரே ஒரு டி2-வின் இரண்டு காயிலையும் சேர்த்து 2 ஓம் எடுக்கவே முடியாது. என் காசு போன இடம் இதுதான்.

முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரியை உட்காரவைத்து அம்லாங்கா வரை ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கொஞ்சம் சத்தம் கூட்டினேன், பாஸ் படக்கென்று நின்றுவிட்டது. கதவு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன, சப்வூஃபர் ஊமை. டிக்கியைத் திறந்து பார்த்தால் ஆம்ப்பில் ‘ப்ரொடெக்ட்’ விளக்கு சிவப்பாக எரிகிறது, ஆபத்து என்று ஆம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட அடையாளம். அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி பாடும், சத்தம் ஏறினால் மறுபடி நிற்கும். கடைக்குக் கொண்டுபோனேன். எதையும் அளந்து பார்க்கவில்லை, ‘உங்கள் பேட்டரி பழசு, அதுதான் தாங்கவில்லை’ என்றார்கள். புது பேட்டரி, 1900 ரேண்ட். அப்புறமும் நின்றது. ‘கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்’ என்றார்கள். நீல விளக்கு எரிகிற ஒரு உருளை, 750 ரேண்ட். அதற்குப் பிறகும் நின்றது. ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த காசில் கை வைத்துவிட்டேனே என்ற வருத்தம் ஒரு பக்கம். புது ஊர்க்காரன், இவர்கள் சொல்வது நிஜமா பொய்யா என்று யாரிடம் போய்க் கேட்பது என்ற திணறல் இன்னொரு பக்கம். ராத்திரி படுத்தால் அந்தச் சிவப்பு விளக்குதான் கண்ணுக்குள் நிற்கும்.

ப்ரொடெக்ட் விளக்கு எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்வது எளிது, ஏனென்றால் சில சமயம் அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்கிறவர் முதலில் இரண்டு அளவுகளை எடுத்துக் காட்ட வேண்டும். பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்ப்பின் பவர் டெர்மினலில் எத்தனை வோல்ட் இருக்கிறது? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க 13 வோல்டுக்கு மேல் நிலையாக நின்றால் பேட்டரியை விட்டுவிடலாம். அடுத்தது, ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த ஒயர் முனையில் எத்தனை ஓம்? இந்த இரண்டையும் அளக்க ஐந்து நிமிடம் ஆகாது. கெபாசிட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது மின்சாரத்தை உண்டாக்காது, ஒரு நொடிக்கும் குறைவான அடியைத் தாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆம்ப் தாங்க முடியாத ஓமை இணைத்துவிட்டு எத்தனை கெபாசிட்டர் போட்டாலும் பலன் கிடையாது.

அதற்கப்புறம் ஒருநாள் ஆம்ப்பே செத்துவிட்டது. ஃபியூஸ் போட்டால் உடனே போகிறது. உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிட்டன என்று கடைக்காரர் சொல்லி, ‘சத்தம் அதிகம் வைத்ததால் வந்தது, வாரண்டியில் வராது’ என்று 1100 ரேண்ட் வாங்கிக்கொண்டு பழுது பார்த்துக் கொடுத்தார். ஜனவரி மாதம், டர்பன் வெயிலும் புழுக்கமும் எப்படி இருக்கும் என்று தெரியுமே. பழுது பார்த்து வந்த அன்று மாலை வீட்டுக்கு வருகிற வழியில் பின்சீட்டுப் பக்கமிருந்து ஒரு வாசனை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வேறு, இது வேறு. வார்னிஷ் கருகுகிற, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்கிற ஒரு காரம். ரோபோவில் வண்டி நின்றதும் பாட்டை அணைத்தேன். (இங்கே சிக்னலை ரோபோ என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அதுவே வாயில் வருகிறது.) ஜன்னலைத் திறந்துவிட்டும் அந்த நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை.

ஆச்சரியம் அதற்கு அடுத்துதான். அன்றிலிருந்து ப்ரொடெக்ட் விளக்கு எரியவே இல்லை. எவ்வளவு சத்தம் வைத்தாலும் ஆம்ப் நிற்கவில்லை. ஆனால் பாஸில் உயிர் இல்லை. அளவும் குறைந்துவிட்டது, தவிலின் அடி ‘தொம்’ என்று முடியாமல் ‘தொம்ம்ம்’ என்று தொளதொளவென்று இழுத்தது. கடையில் போய்ச் சொன்னேன். இந்த முறை ஒரு பையன் மல்டிமீட்டரை (ஓம், வோல்ட் அளக்கிற கருவியை) எடுத்துவந்து பெட்டியின் டெர்மினலில் வைத்தான். 2.1 என்று காட்டியது. ‘பாருங்கள், 2 ஓம், அச்சாகச் சரி. உங்கள் காது பழகிவிட்டது, அதுதான் குறைவாகத் தெரிகிறது’ என்று அனுப்பிவிட்டார்கள். எண் சரியாகத்தான் இருந்தது, பதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது கோபத்தைவிட ஒரு தனிமைதான் அதிகம் தெரிந்தது.

எங்கள் கோயிலுக்கு வருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பம், மெரபேங்கில் வீடு. வட ஆர்க்காட்டுச் சாயலில் அழகாகத் தமிழ் பேசுவார். ரேடியோ, ஆம்ப் பழுது பார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், இப்போது ஓய்வு. காவடி ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிற வேலையில் பேச்சு வந்தபோது இதைச் சொன்னேன். ‘நாளைக்கு ஊட்டாண்ட கொண்டாந்துடு தம்பி, பொட்டிய தொறந்து பாத்துடலாம்’ என்றார். போனபோது அங்கே கரண்ட் இல்லை. டிக்கியிலேயே டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், இதை நீங்களும் செய்யலாம். முதலில் மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்தார். 0.3 என்றது. ‘இது கம்பியோட கணக்கு, எல்லாத்துலயும் இத்தக் கழிச்சிடணும்’ என்றார். குறைந்த ஓமை அளக்கும்போது இந்த 0.3 பெரிய தொகை. அப்புறம் எட்டுத் திருகையும் கழற்றி சப்வூஃபரைத் தூக்கி வெளியே வைத்து, நாலு டெர்மினலிலும் இருந்த ஒயரைப் பிரித்தார். முதல் காயிலில் வைத்தார்: 2.1. கழித்தால் 1.8. இரண்டாவதில் வைத்தார்: எண்ணே வரவில்லை, கம்பி அறுந்த அடையாளம்தான் திரையில் இருந்தது. மறுபடி தொட்டார், அதேதான். பிறகு இரண்டு கையின் விரல்களையும் அகலமாக விரித்துக் கோனின் ஓரத்தில் வைத்து, சாயாமல் நேராக உள்ளே அழுத்தினார். ‘காத வை’ என்றார். உள்ளே மணல் உரசுவது போல மெல்லிய சரசரப்பு. கருகி உப்பிய காயில் காந்தத்தின் இடைவெளியில் தேய்கிற சத்தம். கடைசியாக அதைக் கவிழ்த்து டார்ச்சைப் பிடித்தார். ஸ்டிக்கரில் மாடல் எண், அதன் முடிவில் டி2.

அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 4 ஓம் காயில் ஒன்றை மல்டிமீட்டரில் அளந்தால் 3.2-இலிருந்து 3.8-க்குள் காட்டும், 2 ஓம் காயில் 1.6-இலிருந்து 1.9-க்குள். மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் தடை, அது பெயரளவு ஓமை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆக எனக்கு ரசீதில் டி4 எழுதி, பெட்டிக்குள் டி2 வைத்திருக்கிறார்கள். டி4 என்று நினைத்து மாட்டுகிறவர் பேரலலில் இணைத்திருக்கிறார். 2 ஓமாக இருக்க வேண்டியது 1 ஓமாகிவிட்டது. 2 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிற ஆம்ப்பிலிருந்து அது இரண்டு மடங்கு கரண்டை இழுத்திருக்கிறது. அதனால்தான் ப்ரொடெக்ட், அதனால்தான் டிரான்சிஸ்டர் எரிந்தது. பேட்டரிக்கும் கெபாசிட்டருக்கும் இதில் சம்பந்தமே இல்லை. திணறுகிற ஆம்ப் அலையின் தலையை வெட்டி வெட்டி அனுப்பும், அதன் சூட்டில் ஒரு காயில் கருகி அறுந்துவிட்டது. ஒரு காயில் அறுந்ததும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு 2 ஓம். ஆம்ப்புக்கு அது சரியான ஓம், ஆகவே விளக்கு எரியவில்லை. ஆனால் தள்ளுகிற விசை பாதிதான், கோனை அடக்கிப் பிடிக்கிற பிடியும் பாதிதான். அதனால்தான் அந்தத் தொளதொளப்பு. நன்றாக இருக்கிற டி4-ஐ பேரலலில் அளந்தாலும் 1.8 வரும், பாதி செத்த டி2-வை அளந்தாலும் அதே 1.8 வரும்! கடைப் பையன் பார்த்த எண் பொய் சொல்லவில்லை. ஒயரைப் பிரிக்காமல் மொத்தமாக அளந்ததுதான் கோளாறு. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: டூயல் காயில் என்றால் இரண்டு காயிலையும் பிரித்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும்.

அன்றைக்கே அவர் இன்னொன்றும் காட்டினார். ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, உயிரோடு இருந்த காயிலின் பிளஸ்ஸில் பேட்டரி பிளஸ்ஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு கணம் தொட்டார். கோன் ‘டப்’ என்று வெளியே எழுந்தது. மாற்றித் தொட்டால் உள்ளே போனது. இரண்டு காயிலையும் இப்படிச் சோதித்து, இரண்டுமே ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஒயர் இணைக்க வேண்டும் என்றார். ஒன்றை மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டால் ஒரே தேர்வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போலத்தான். தேர் நகராது, உள்ளங்கைதான் கொப்பளிக்கும். கோன் அசையாததால் காற்றோட்டம் இல்லை, காயில் குளிர வழியில்லை, ஆம்ப் கொடுக்கிற சக்தி முழுக்கச் சூடாகிவிடும். பாஸ் சுத்தமாக வரவில்லையே என்று சத்தத்தை மேலும் கூட்டினால் சீக்கிரமே கருகிவிடும். புதிதாக மாட்டிய சப்வூஃபரில் பாஸ் அதிசயமாகக் குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் இதில்தான் விழ வேண்டும்.

இனி கடை விவகாரம். பெரியவரின் மகள் சொல்லித்தான் எனக்குச் சட்டம் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் பொருள் பழுதோ தரக்குறைவோ ஆக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்கிற உரிமை வாங்கியவருக்குத்தான். கடைச் சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எழுதி மாட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. ரசீது, ஸ்டிக்கரின் படம், இரண்டு காயிலின் அளவையும் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். குரலை உயர்த்தவில்லை. ரசீதையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் ‘நீங்கள் வெளியே திறந்துவிட்டீர்கள், வாரண்டி போச்சு’ என்றார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததும் நீங்கள் கொடுத்த பொருளும் வேறு வேறாக இருக்கிறது, அதற்கு வாரண்டி எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, நிஜமான டி4 ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஆம்ப் பழுதுக்கு வாங்கிய 1100-ஐ, பேட்டரி, கெபாசிட்டர் காசைக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்காக மேலே புகார் கொண்டுபோகிற தெம்பு எனக்கு அப்போது இல்லை. வேலையில் லீவு போட்டு அலைந்தது போதும் என்றிருந்தது. உங்களுக்குத் தெம்பிருந்தால் விடாதீர்கள்.

புது டி4-ஐ நானும் பெரியவருமாகத்தான் மாட்டினோம். இரண்டு காயிலும் தனித்தனியே 3.6, 3.5. பேரலலில் சேர்த்ததும் 1.8. இப்போது அந்த எண் நிஜமாகவே சரி. பேட்டரியிலிருந்து வருகிற பவர் ஒயரையும் அவர் மாற்றச் சொன்னார். கிட்டில் கொடுத்தது மேலே செம்பு பூசிய அலுமினியம், வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. 500 வாட்ஸ் கொடுக்கிற டி கிளாஸ் ஆம்ப் (இது ஆம்ப்பின் ஒரு வகை, டி2, டி4-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை) முழு வேகத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 4 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) முழுச் செம்பு ஒயர் போட்டோம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைத்தோம். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான், ஆம்ப் பக்கத்தில் இருக்கிற ஃபியூஸ் அல்ல.

இது நடந்ததிலிருந்து தெரிந்தவர்கள் பலர் என்னிடம் ஓம் கணக்குக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது இரண்டு சப்வூஃபர் வைப்பதைப் பற்றி. இரண்டு டி4 இருந்தால், நாலு காயிலையும் பேரலலில் சேர்த்து 1 ஓம் எடுக்கலாம். அல்லது ஒவ்வொன்றிலும் காயில்களை சீரிஸில் வைத்து, பிறகு இரண்டையும் பேரலலில் சேர்த்து 4 ஓம் எடுக்கலாம். 2 ஓம் வராது. இரண்டு டி2 இருந்தால் அதே மாதிரி சீரிஸும் பேரலலுமாகச் சேர்த்து 2 ஓம் எடுக்கலாம். எல்லாவற்றையும் பேரலலில் போட்டால் அரை ஓம் ஆகிவிடும், சாதாரண ஆம்ப் எதுவும் அதைத் தாங்காது. ஆகவே என் ஆம்ப் மாதிரி 2 ஓம் வரை தாங்குகிற மோனோ ஆம்ப் உங்களிடம் இருந்தால், ஒரு சப்வூஃபர் என்றால் டி4, இரண்டு என்றால் டி2. இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்வூஃபரை ஓட்டும்படி போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும். நீங்கள் 4 ஓம் இணைத்தால் சேனலுக்கு 2 ஓம். அதனால்தான் அந்த மாதிரி ஆம்ப்களில் பெரும்பாலும் பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருப்பார்கள். அதற்கு ஒரு டி2-வை சீரிஸில் போடுவது அழகாகப் பொருந்தும். இரண்டு வேறு வேறு மாடலையோ, ஒரு டி2-வையும் ஒரு டி4-ஐயும் கலந்து இணைக்காதீர்கள், சக்தி சமமாகப் பிரியாது. ஒரு காயிலை மட்டும் இணைத்துவிட்டு மற்றதைச் சும்மா விடலாமா என்றும் கேட்கிறார்கள். பாடும். ஆனால் 500 வாட்ஸ் தாங்கும் என்று எழுதியிருப்பது இரண்டு காயிலுக்கும் சேர்த்து, ஒன்றுக்குப் பாதிதான். சத்தத்தின் குணமும் மாறிவிடும். பாதி செத்த சப்வூஃபரோடு அதை நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

ஓமைக் குறைத்துக் குறைத்து வாட்ஸ் ஏற்றுகிற பைத்தியம் இங்கே பையன்களுக்கு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: என் ஆம்ப்பில் 4 ஓமுக்கும் 2 ஓமுக்கும் உள்ள வித்தியாசம் 300 வாட்ஸும் 500 வாட்ஸும். காதுக்கு அது 2 டெசிபல் சொச்சம்தான். உற்றுக் கேட்டால் தெரியும், ஓடுகிற வண்டியில் பெரிதாகத் தெரியாது. அந்த 2 டெசிபலுக்காக ஆம்ப்பின் எல்லையைத் தாண்டுவதில் ஒரு லாபமும் இல்லை. கடை எனக்கு டி2-வைத்தான் தந்தது என்று முதலிலேயே தெரிந்திருந்தால்கூட, அதை சீரிஸில் 4 ஓமாக மாட்டி நிம்மதியாகப் பாட்டு கேட்டிருக்கலாம், ஒரு ரேண்டும் போயிருக்காது.

கடைசியாக கெயின், ஸ்டீரியோவிலிருந்து வருகிற சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு. அது வால்யூம் திருகு அல்ல, ஆனால் எல்லோரும் அப்படித்தான் திருகுகிறார்கள். பெரியவர் காட்டிய முறை இது. ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை ஸ்டீரியோவில் முக்கால் வால்யூமில் ஓடவிட வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்து, கெயினை மெதுவாக ஏற்ற வேண்டும். எந்த வோல்டில் நிறுத்துவது? வாட்ஸை ஓமால் பெருக்கி அதற்கு வர்க்கமூலம். 500-ஐ 2-ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6 வோல்ட். 4 ஓமில் 300 வாட்ஸ் என்றால் 1200-இன் வர்க்கமூலம், 34.6. வாட்ஸ் என்று இங்கே சொல்வது ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து கொடுக்கவோ தாங்கவோ முடிகிற வாட்ஸ்), அட்டைப்பெட்டியின் 2000 அல்ல. ஆம்ப், சப்வூஃபர் இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும். நான் 31.6 வரை போகாமல் 30 வோல்டிலேயே நிறுத்திக்கொண்டேன். கடையில் கெயினை முழுக்க வலப்பக்கம் திருகி வைத்திருந்தார்கள். இப்போது திருகு பாதிக்கும் கீழே நிற்கிறது, சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து ஆம்ப்பின் மேல் கை வைத்தால் இளஞ்சூடுதான் இருக்கிறது.